வெள்ளை அணுக்களின் வேலை நேரம்

ஒரு வாசகி, விருதுநகர்
கே: ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் 62, லிம்போசைட் 30, ஈசினோஃபில் 5, மோனோசைட் 3 என்று போட்டுவிட்டு, பேசோஃபிலுக்கு மட்டும் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ப: எழுந்து கூட்டிப் பாருங்கள், நூறு வரும். இவை சதவீதங்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சொட்டில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கில், 4,000 முதல் 11,000 வெள்ளை அணுக்கள் இருப்பது இயல்பு. அவற்றில் நூறை எண்ணி, எந்த இனம் எத்தனை என்று எழுதுவதுதான் டிஃபரென்ஷியல் கவுன்ட். பேசோஃபில் எப்போதுமே ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நூறில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போவது சகஜம்.

இன்னொன்று. இந்த அணுக்கள் ரத்தத்தின் வழியே போகின்றன. குடியிருப்பது வேறு இடங்களில். உடலின் லிம்போசைட்டுகளில் சுமார் இரண்டு சதவீதம்தான் ஒரு நேரத்தில் ரத்தத்தில் இருக்கும். மற்றவை நிணநீர் முடிச்சு, மண்ணீரல், குடல், எலும்பு மஜ்ஜை என்று ஆங்காங்கே தங்கியிருக்கும். ஊசியில் ஏறி வருபவை வழிப்போக்கர்கள். தூங்கப் போங்கள். இப்போதைக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே கோளாறு அந்தத் தூக்கமின்மைதான்.

ஒரு வாசகர், கம்பம்
கே: காலில் முள் குத்திச் சீழ் வைத்திருக்கிறது. கெட்ட ரத்தம் வெளியே போகட்டும், பிதுக்கு என்கிறார் அத்தை. பிதுக்கவா?

ப: வேண்டாம். சீழ் கெட்ட ரத்தம் அல்ல என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் உங்களுக்காகச் செத்த நியூட்ரோஃபில்கள். முள் குத்திய இடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் முதலில் ஆபத்தை மோப்பம் பிடித்து, ரசாயனங்களைச் சுரந்து சேதி சொல்லும். அந்தச் சேதி கிடைத்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் ரத்தக் குழாயின் சுவரில் இடுக்கு பார்த்து நுழைந்து வெளியே வந்துவிடும். கிருமியை விழுங்கும், நச்சுப் பொருள்களைக் கொட்டும். இரண்டும் போதாவிட்டால் தன் டி.என்.ஏ.வையே வெளியே வீசி அதில் கிருமியைச் சிக்கவைக்கும். இந்த வலைவீச்சை பெர்லின் ஆய்வாளர்கள் 2004இல்தான் கண்டறிந்தார்கள்.

சீழில் தெரியும் பச்சைக்குக் காரணம், நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் மயலோபெராக்ஸிடேஸ் என்ற நொதி. ரத்தத்தில் இவற்றின் ஆயுள் மணிக்கணக்குதான் என்பதால், எலும்பு மஜ்ஜை நாள்தோறும் சுமார் பத்தாயிரம் கோடி புதிதாகச் செய்கிறது. பிதுக்கினால் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும். கழுவி, மூடி வையுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, சிவப்பு பரவினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ஒரு பள்ளி மாணவன், மன்னார்குடி
கே: வெள்ளை அணு நிஜமாகவே வெள்ளையா?

ப: தனியாகப் பார்த்தால் நிறமே கிடையாது. ரத்தத்தைக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் மேலே மஞ்சள் பிளாஸ்மா நிற்கும், கீழே சிவப்பணுக்கள் படியும், நடுவே வெளிறிய ஒரு மெல்லிய படலம் தெரியும். அதுதான் இவர்கள் கூட்டம். ரத்தத்தின் கன அளவில் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

ஒரு வாசகர், சேலம்
கே: கிருமியை விழுங்கும் செல் இருக்கிறது என்று முதலில் சொன்ன டாக்டர் யார்?

ப: டாக்டர் அல்ல, விலங்கியலாளர். பெயர் இலியா மெச்னிகோவ். இன்றைய உக்ரைனில் பிறந்தவர். 1882இல் இத்தாலியின் சிசிலித் தீவில், மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்தார். குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒருநாள், உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ரோஜா முள்ளை அதன் உடம்பில் செருகினால் என்ன ஆகும் என்று தோன்றியது. செருகினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்துக் கிடந்தன.

அந்தக் காலத்தில் நோயைத் தடுப்பது செல்லா, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆன்டிபாடியா என்று இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டன. 1908 நோபல் பரிசை செல் கட்சியின் மெச்னிகோவுக்கும், எதிர்க்கட்சியின் பால் எர்லிக்குக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று பிற்பாடு தெரிந்தது. மெச்னிகோவ் கடைசிக் காலத்தில் தினமும் புளித்த பால் குடித்து, முதுமையைத் தள்ளிப்போடலாம் என்று பிரசாரம் செய்தார். எழுபத்தோராவது வயதில் காலமானார். மோருக்கும் ஒரு வரம்பு உண்டு.

ஒரு வாசகி, தென்காசி
கே: தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்று கேலி பேசுகிறோம். எனக்குக் காலில் புண், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ப: உங்கள் உடம்பில் தென்னைக்கும் பனைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்கிறேன். தோலுக்கு அடியில் டென்ட்ரிடிக் செல் என்று ஒன்று கை கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். புண்ணில் நுழைந்த கிருமியைத் தின்று, அதன் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் தாங்கிக்கொண்டு, நிணநீர் நாளத்தின் வழியே பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போகும். காலுக்குப் பக்கத்து முடிச்சு தொடை இடுக்கு, கைக்கு அக்குள், தொண்டைக்குக் கழுத்து.

அங்கே டி செல் என்ற ரக லிம்போசைட்டுகள் லட்சக்கணக்கில் வந்து வந்து அந்தத் துணுக்கை உரசிப் பார்க்கும். ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் பொருந்தும். லட்சத்தில் ஒன்றுக்குப் பொருந்தினாலே பெரிது. பொருந்திய அந்த ஒன்று பெருகத் தொடங்கும். கூட்டம் கூடுவதால் முடிச்சு வீங்கும், வலிக்கும். அதுதான் நெறி. புண் ஆறினால் அதுவும் வடியும். வலியே இல்லாமல் கெட்டியாக, மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் காட்டிவிடுங்கள்.

டென்ட்ரிடிக் செல்லை 1973இல் கண்டறிந்து சொன்னவர் ரால்ஃப் ஸ்டைன்மன். 2011 அக்டோபர் 3 அன்று அவருக்கு நோபல் அறிவித்தார்கள். மூன்று நாள் முன்பே அவர் புற்றுநோயால் இறந்துபோயிருந்தது குழுவுக்குத் தெரியாது. இறந்தவருக்கு நோபல் கிடையாது என்பது விதி. தெரியாமல் கொடுத்தது செல்லும் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு வாசகர், அம்பத்தூர்
கே: சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்கிறார்களே. ஏன் அந்த ஏழு நாள்?

ப: மேலே சொன்ன அந்தப் பொருத்தம் பார்த்து, ஒரு செல் ஆயிரக்கணக்காகப் பெருகி, ஆன்டிபாடி சுரந்து முடிக்க நான்கிலிருந்து ஏழு நாள் ஆகும். அதுவரை நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற முதல் வரிசை ஆட்கள் சமாளிக்கிறார்கள். ஐந்தாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஆன்டிபயாடிக்குக்கு ஏழாம் நாள் நல்ல பெயர் கிடைக்கிறது. வைரஸை அது தொடுவதுகூட இல்லை.

ஒரு கல்லூரி மாணவி, நாமக்கல்
கே: டி செல், பி செல் இரண்டும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வேறு வேறு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ப: உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமை சேர்க்கும் கேள்வி. கோழிதான் காட்டிக்கொடுத்தது. கோழியின் மலத்துவாரத்தை ஒட்டி ஒரு சின்னப் பை உண்டு. அது எதற்கு என்று தெரிந்துகொள்ள, 1950களில் அமெரிக்காவின் ஒஹையோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த புரூஸ் கிளிக் அதை வெட்டி எடுத்தார். கோழிகள் பாட்டுக்கு மேய்ந்தன. ஆன்டிபாடி எப்படி உருவாகிறது என்று வகுப்பில் செய்து காட்ட, சக மாணவர் ஒருவர் அந்தக் கோழிகளை வாங்கிப் போய்க் கிருமி ஊசி போட்டார். ஆன்டிபாடி வரவே இல்லை. கட்டுரை 1956இல் ‘பௌல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழி ஆராய்ச்சி இதழில் வெளியானது. கோழி இதழை எந்த டாக்டர் படிக்கிறார்? சில வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குஞ்சுகளின் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். அவை தொற்று தாங்காமல் செத்தன. 1965இல் மேக்ஸ் கூப்பர் மறுபடி கோழியிடம் வந்து இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே சோதித்து முடிச்சை அவிழ்த்தார். பையில் வளர்வது ஆன்டிபாடி தரும் பி செல். தைமஸில் வளர்வது டி செல். மனிதனுக்கு அந்தப் பை இல்லை. நம் பி செல் எலும்பு மஜ்ஜையிலேயே வளர்கிறது. முழு வளர்ச்சி பெற்ற பி செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும்.

தைமஸில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்களையும், எதையும் அடையாளம் காணத் தெரியாத டி செல்களையும் அங்கேயே அழித்துவிடுகிறார்கள். அங்கு உருவாவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெளியே வருவதில்லை.

ஒரு வாசகர், கும்பகோணம்
கே: ‘எனக்கு ஈஸ்னோபீலியா’ என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அது வியாதியா, சாதிச் சான்றிதழா?

ப: இரண்டும் அல்ல, துப்பு. ஈசினோஃபில் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ஏன் கூடியது என்பதை நாம்தான் தேட வேண்டும். கிருமியை விழுங்கலாம், புழுவை விழுங்க முடியுமா? செல்லைவிட ஆயிரம் மடங்கு நீளம் அது. அதனால் ஈசினோஃபில்கள் புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களை அதன் தோலில் கொட்டுகின்றன. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, யானைக்கால் நோய்ப்புழு எல்லாவற்றுக்கும் இதே உபசாரம். புழு இல்லாத வீட்டில் அதே புரதங்கள் மூச்சுக்குழாயில் கொட்டினால் ஆஸ்துமா.

கணக்கு இதுதான்: மொத்த வெள்ளை அணுக்கள் 8,000, ஈசினோஃபில் 5 சதவீதம் என்றால் 400. ஐந்நூறுக்குள் இருந்தால் கவலையில்லை. மூவாயிரத்தைத் தாண்டி, ராத்திரியில் வறட்டு இருமலும் இளைப்பும் இருந்தால் யானைக்கால் புழுவின் குட்டிகள் நுரையீரலில் சிக்கியிருக்கலாம். 1943இல் இந்தியாவில் இருந்த வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதினார். டை எத்தில் கார்பமசின் மாத்திரை மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கும். டாக்டர் எழுதித் தர வேண்டிய மாத்திரை அது. தெருக்காரர் மிச்சம் வைத்ததைச் சாப்பிட வேண்டாம்.

ஒரு வாசகி, ஊட்டி
கே: தும்மலுக்கு அவில் போட்டால் ஆபீஸில் தூங்கி விழுகிறேனே?

ப: மூக்கில் இருக்கும் மாஸ்ட் செல் மகரந்தத்தைப் பார்த்துப் பதறி ஹிஸ்டமினைக் கொட்டுகிறது, தும்மல் வருகிறது. மூளையில் அதே ஹிஸ்டமின்தான் உங்களை விழித்திருக்க வைக்கிறது. பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் நுழைந்து இரண்டையும் சேர்த்து அணைத்துவிடுகின்றன. தூக்கம் குறைந்த புது ரகங்கள் இருக்கின்றன, டாக்டரைக் கேளுங்கள். ஆபீஸில் தூங்க வேறு காரணம் இருந்தால் அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒரு வாசகர், ராமேஸ்வரம்
கே: வைரஸ் நம் செல்லுக்கு உள்ளேயே ஒளிந்துகொள்கிறது. வெளியே இருக்கும் வெள்ளை அணுவுக்கு எப்படித் தெரியும்?

ப: கருவுள்ள ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளிச்சுவரில் ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் வைரஸ் துணுக்கு தெரிந்தால் கொலையாளி டி செல் வந்து அந்தச் செல்லைத் துளைத்துத் தற்கொலை செய்ய வைக்கும். 1970களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதைக் கண்டுபிடித்த பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் 1996இல் நோபல் வாங்கினார்கள். அவர்களில் டோஹர்ட்டி கால்நடை மருத்துவர்.

சில வைரஸ்கள் சாமர்த்தியசாலிகள். துணுக்கே வெளியே தெரியாதபடி செய்துவிடும். அங்கேதான் என்.கே. செல் வருகிறது. எதுவுமே காட்டாமல் இருப்பதுதான் அதற்குச் சந்தேகம். காட்டினால் டி செல், காட்டாவிட்டால் என்.கே. செல், தப்பிக்க வழியில்லை.

வழி கண்டுபிடித்தது மலேரியா. நம் சிவப்பணுவுக்குக் கருவே இல்லை, துணுக்கு காட்டும் ஏற்பாடும் இல்லை. மலேரியாக் கிருமி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு மண்ணீரலின் மேக்ரோஃபேஜ்கள்தான் கெட்டுப்போன சிவப்பணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்ன வேண்டியிருக்கிறது. மலேரியாவில் மண்ணீரல் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வாசகர், தாம்பரம்
கே: இந்தப் படைக்குத் தளபதி யார்?

ப: தளபதி என்று யாரும் இல்லை. ஆனால் ஒரு செல் போய்விட்டால் மற்ற எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள்: உதவி டி செல், ரிப்போர்ட்டில் சி.டி. 4 என்று வரும். பி செல்லுக்கு ஆன்டிபாடி தயாரிக்கச் சொல்வதும், மேக்ரோஃபேஜுக்கு வேகம் ஏற்றுவதும், கொலையாளி டி செல்லை உசுப்புவதும் அதுதான். எச்.ஐ.வி. குறிவைப்பது சரியாக அந்த ஒன்றை. சாதாரணமாக மைக்ரோலிட்டருக்கு 500 முதல் 1,500 வரை இருக்கும் சி.டி. 4, இருநூறுக்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது சென்னையில்தான், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் யோசனை சொல்ல, மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். ‘இந்தியாவில் அதெல்லாம் வராது’ என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துகளைத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று உங்கள் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை. மாத்திரையை விடாமல் சாப்பிடுபவருக்கு சி.டி. 4 மீண்டும் ஏறுகிறது.

ஒரு வாசகி, செங்கல்பட்டு
கே: மகனுக்கு மாண்டூ டெஸ்டில் கை தடித்துவிட்டது. டி.பி. என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிட்டார்கள்.

ப: அக்கம்பக்கத்துக்கு எம்.பி.பி.எஸ். கொடுத்தது யார்? காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கிய மேக்ரோஃபேஜுக்குள்ளேயே சாகாமல் குடித்தனம் நடத்தும் ஜாதி. கொல்ல முடியாததால் மற்ற மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் சேர்ந்து அதைச் சுற்றிக் கூடி அடைத்து வைக்கின்றன. உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் கிருமி நுழைந்திருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும். மாண்டூ ஊசி போட்ட இடத்தில் 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பது பழைய அறிமுகம் உள்ள டி செல்கள் வந்து கூடுவதால். அறிமுகம் கிருமியோடும் இருக்கலாம், பி.சி.ஜி. ஊசியோடும் இருக்கலாம். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, டாக்டர் மூவரும் பேசும்வரை யாரும் முடிவு சொல்ல வேண்டாம்.

உங்கள் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் உலகப் புகழ் உண்டு. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வுதான், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காப்பதால் இன்றும் போடுகிறோம்.

ஒரு வாசகர், யாழ்ப்பாணம்
கே: தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது. தடிமன் மட்டும் வருடா வருடம் வருகிறதே?

ப: ஜலதோஷத்தைச் சொல்கிறீர்கள். அதைத் தரும் ரைனோ வைரஸில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் ரகம் உண்டு. போன வருடம் வந்தவர் வேறு, இந்த வருடம் வந்தவர் வேறு. தட்டம்மைக்கு ஒரே முகம். ஒருமுறை பார்த்த பி, டி செல்களில் சில நினைவுச் செல்களாகத் தங்கிவிடும்.

எத்தனை காலம்? ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை வந்து போனது. பிறகு அறுபத்தைந்து வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் திரும்ப வந்தபோது சுமார் 7,800 பேரில் ஆறாயிரத்துக்கு மேல் படுத்தார்கள். பீட்டர் பனும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். சிறுவயதில் 1781 அம்மையைக் கண்ட கிழவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

அதே தட்டம்மைக்கு ஒரு கெட்ட குணம்: நினைவுச் செல்களையே தாக்கும். 2019இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளுக்கு அம்மை வந்து போனபின், மற்ற நோய்களுக்கு எதிராக வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் காணாமல் போயிருந்தது. ‘வந்துட்டுப் போகட்டும்’ என்று விடக்கூடிய நோயல்ல அது.

ஒரு பாட்டி, புதுக்கோட்டை
கே: பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கக் கூடாதாம், சீம்பாலையும் கறந்து கொட்டக் கூடாதாம். எங்கள் காலத்தில் நாங்கள் எல்லாம் வளரவில்லையா?

ப: வளர்ந்தீர்கள் பாட்டி, வளராமல் போன பிள்ளைகள் கேள்வி கேட்க வரவில்லை. பிறக்கும் குழந்தைக்குச் சொந்த நினைவுச் செல் அநேகமாகக் கிடையாது. நஞ்சுக்கொடி வழியே அம்மா கொடுத்த ஆன்டிபாடிதான் முதல் மாதங்களுக்குக் கையிருப்பு. குடலுக்குத் தேவையான ஐ.ஜி.ஏ. என்ற ரகம் சீம்பாலில் செறிந்திருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்வது அதனால்தான். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. உங்கள் விரலில் இருக்கும் பாசத்தைக் கன்னத்தில் தடவுங்கள், நாக்கில் வேண்டாம்.

ஒரு வாசகர், மதுரை
கே: தங்கைக்குக் கீமோ நடக்கிறது. நேற்று லேசான காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா?

ப: இதில் விளையாட்டு இல்லை. கீமோ வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும். அதில் நியூட்ரோஃபிலைச் செய்யும் மஜ்ஜைச் செல்களும் அடங்கும். எண்ணிக்கை ஐந்நூறுக்குக் கீழே போனால் சீழ் பிடிக்கக்கூட ஆள் இருக்காது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். மாத்திரை கொடுத்து அதையும் மறைத்துவிடாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே போங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும்.

ஒரு வாசகர், திருப்பூர்
கே: எதிர்ப்புச் சக்தியை ‘பூஸ்ட்’ செய்யும் பொடி, டானிக், கஷாயம் என்று வீட்டில் ஒரு அலமாரியே நிறைந்துவிட்டது. எதைச் சாப்பிடலாம்?

ப: அலமாரியை விற்றுவிடலாம். எந்தச் செல்லை பூஸ்ட் செய்யப்போகிறார்கள் என்று அந்த டப்பாவைக் கேளுங்கள். மாஸ்ட் செல்லைக் கூட்டினால் தும்மல். ஈசினோஃபிலைக் கூட்டினால் இளைப்பு. டி செல்லின் கட்டை அவிழ்த்துவிட்டால் மூட்டைத் தின்னும், கணையத்தின் இன்சுலின் செல்லைத் தின்னும். சரவாங்கியும் முதல் வகை சர்க்கரை நோயும் எதிர்ப்புச் சக்தி குறைந்து வருபவை அல்ல. தவறான முகவரிக்குப் போய் அடிப்பதால் வருபவை.

கோவிட் நினைவிருக்கிறதா? தீவிர நிலைக்குப் போன பலரை வைரஸோடு சேர்ந்து சொந்த வெள்ளை அணுக்களின் கொந்தளிப்பும் கொன்றது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்த மருந்தைக் காட்டியது. டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு. அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து!

அடக்குவதற்கென்றே உடம்பில் ஒரு செல் இருக்கிறது: ஒழுங்குபடுத்தும் டி செல். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அதைக் காட்டினார். அதை உருவாக்கும் மரபணுவை 2001இல் அமெரிக்காவின் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2025 நோபல். அறிவிப்பு வந்தபோது ராம்ஸ்டெல் செல்போனுக்கு எட்டாத மலைப்பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தார். சிக்னல் கிடைத்ததும் மனைவி போட்ட கூச்சலைக் கேட்டு, கரடி வந்துவிட்டதோ என்று நினைத்தாராம்.

உங்களுக்குத் தேவை கூடுதல் சக்தி இல்லை; யாரை அடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற நிதானம். அதற்குத் தூக்கம், சாப்பாடு, புகை பிடிக்காமல் இருப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. இவற்றில் எதையும் டப்பாவில் அடைக்க முடியாது.

ஒரு வாசகர், காரைக்குடி
கே: ஒரே வரியில்: இவர்களில் உசத்தி யார்?

ப: எந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் ஒரு நோய்க்குக் கதவு திறக்கிறது, ஆகவே யாரும் இல்லை, எல்லோரும்தான்.

ஒரு வாசகி, திருச்சி
கே: உள்ளே இத்தனை பேர் இருக்கும்போது, ஆணி குத்தினால் டி.டி. ஊசி மட்டும் ஏன் போடச் சொல்கிறார்கள்?

ப: மேலே சொன்ன எல்லோரும் தோற்கும் இடம் அது. டெட்டனஸ் கிருமி காயத்திலேயே இருந்துகொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. உயிரைக் குடிக்கப் போதுமான அளவு மிகச் சிறியது; அத்தனை சிறிய அளவைப் பார்த்து பி செல்லுக்கு நினைவு உண்டாவதில்லை. அதனால்தான் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட வேண்டியிருக்கிறது. நோய் கற்றுத் தராததை ஊசி கற்றுத் தருகிறது. நஞ்சு நீக்கிய நச்சை நிறையக் காட்டி, ஆன்டிபாடியை முன்கூட்டியே தயாராக வைக்கிறது. ரத்தத்தில் இப்படி ஒரு எதிர்ப்பொருள் உருவாகிறது என்பதே 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிடசாட்டோவும் இந்த நச்சையும் தொண்டை அடைப்பான் நச்சையும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டி.டி. ஊசி உண்டு. அதன்பின் பத்து வருடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக எந்த வருடம் போட்டீர்கள் என்று நினைவில்லாதவர்கள் ஆணி குத்தும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.